குடிக்கணக்கு முரண்களும் முஹத்திஸ்களின் வழியும்

இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்றும், எழுதி முடித்தபோது தொகை 1500 ஆடவர் என வந்தது என்றும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியின் ஜிஹாது பற்றிய பகுதியில் இடம்பெற்றுள்ளது. மதீனாச் சமூகத்தின் முதல் குடிக்கணக்கு என இதனை நம்மவர் பெருமையுடன் எடுத்துக்காட்டுவர். ஆயின், அதே இடத்தில் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் வேறு இரு எண்களையும் பதிந்து வைத்திருப்பதை மேடைகளில் கூறுவோர் குறைவு. ஓர் அறிவிப்பு 500 என்கிறது. மற்றொன்று 600க்கும் 700க்கும் இடைப்பட்டது என்கிறது. ஒரே கணக்கு, தொகையோ மூன்று.

இந்த முரணை நம் முன்னோர் மறைக்கவில்லை; அஞ்சவும் இல்லை. ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) (இறப்பு ஹி. 852 / கி.பி. 1449) தம் ஃபத்ஹுல் பாரியில் இதனை எடுத்துக்கொண்டு, முந்தையோர் கண்ட இணக்கங்களை முதலில் வரிசைப்படுத்துகிறார். 1500 என்பது ஆண், பெண், சிறுவர், அடிமை அனைவரையும் சேர்த்த தொகை, 600 முதல் 700 என்பது ஆடவர் மட்டும், 500 என்பது போர் புரியத் தக்கவர் என்பது ஒரு விளக்கம். இது நிற்காது, 1500 என்னும் அறிவிப்பிலேயே ‘ஆடவர்’ என்ற சொல் உள்ளது. சிறிய தொகை நகரத்தாருடையது, பெரிய தொகை சுற்றுப்புறத்தாரையும் சேர்த்தது என்பது மற்றொரு விளக்கம். வெவ்வேறு காலங்களில் கணக்கு எடுக்கப்பட்டிருக்கலாம் என்பது பிறிதொன்று. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, இவை அனைத்தையும் உரசிப் பார்க்கும் ஓர் ஆட்சேபத்தை அவர் வைக்கிறார். மூன்று எண்களும் அஃமஷ் (ரஹ்) என்ற ஒரே அறிவிப்பாளர் வழியாகவே வருகின்றன. அவருடைய மாணவர் மூவர் ஆளுக்கொன்றாக அறிவிக்கின்றனர். ஊற்று ஒன்றாயிருக்க, மூன்று தனிக் கணக்கெடுப்புகள் நடந்ததாகக் கொண்டு இணக்கம் தேடுவது எங்ஙனம் பொருந்தும்?

இரு ஏடுகள் முரண்படும்போது எது சரி என்று உடனே கேட்பது பாமரர் வழக்கம். இவ்விரண்டும் இரு சாட்சிகளா, ஒரே சாட்சியின் இரு நகல்களா என்று முதலில் கேட்பது முஹத்திஸின் வழக்கம். தம் குடும்ப வரலாற்றைத் தேடும் இன்றைய தமிழ் முஸ்லிமுக்கு இந்த வழக்கத்தைவிடப் பயன்தரும் கருவி வேறொன்று இருப்பதாக நாம் கருதவில்லை.

குடும்ப வரலாறு ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு என எண்ணிய காலம் போய்விட்டது. அஸ்ஸாம் மாநிலத்தில் 2019 ஆகஸ்டு 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில், விண்ணப்பித்த ஏறத்தாழ 3.30 கோடிப் பேரில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை. அங்கே அடிப்படை ஆவணங்களுள் ஒன்றாக விளங்கியது 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை ஒட்டி எழுதப்பட்ட பெயர்ப் பதிவேடு. பாட்டனாரின் பெயர் அதில் ஒருவாறும், பிந்தைய வாக்காளர் பட்டியலில் வேறொருவாறும் எழுதப்பட்டிருந்தமையால் பேரர்கள் அயலாராயினர். ஒரே பாட்டனாரின் வழிவந்தோர் அளித்த வம்சாவளிகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன. ஒருவர் தம் சிற்றப்பனின் பெயரை எழுத மறந்தால் அச்சிற்றப்பனின் மக்களுக்கு இடர் வந்தது. பெயரின் எழுத்திலும் தேதியிலும் உள்ள சிறு வேறுபாடுகளைக் கொண்டு ஒருவரை அயலார் எனத் தீர்த்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 11 அன்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. நம் தமிழகத்திலும், 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடி எத்தனை வீடுகளில் பழைய பெட்டிகள் திறக்கப்பட்டன என்பதை நாம் கண்டோம்.

தேடுபவர் முதலில் அறிய வேண்டியது, நம் நாட்டின் குடிக்கணக்கு எதைத் தரும், எதைத் தராது என்பது. இங்கிலாந்தில் வீடு வீடாக எழுதப்பட்ட தாள்கள் நூறு ஆண்டுகள் கழித்துத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வெளிவந்தன. அமெரிக்காவில் 72 ஆண்டுகள். நம் நாட்டிலோ, கூட்டுத்தொகைகள் அச்சேறிய பின் பெயர் எழுதிய தாள்கள் பேணப்படவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடிக்கணக்குச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அப்பதிவுகளைப் பார்வையிடவோ சாட்சியமாகக் கொள்ளவோ இடமளிப்பதில்லை. ஆகவே, 1901இல் என் பாட்டனாரின் வீட்டில் எத்தனை பேர் இருந்தனர் என்னும் வினாவுக்கு அரசின் குடிக்கணக்கு விடை கூறாது. அட்டவணைகள் மட்டுமே எஞ்சும். அவற்றோடு பிறப்பு, இறப்புப் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கை ஏடுகள், வாக்காளர் பட்டியல், பத்திரங்கள், ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தர், மீசான் கற்கள் ஆகியவற்றை இணைத்துத்தான் ஒரு குடும்பத்தைக் கட்டியெழுப்ப இயலும். இணைக்கத் தொடங்கியவுடன் முரணும் தொடங்கிவிடும்.

முதல் முரண் இடத்தைப் பற்றியது. இதனை விளக்கக் கொல்லிமலையின் பைல் நாட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அங்கே ‘நாடு’ என்பது தேசமன்று. மலைமேல் சிதறிய சிற்றூர்கள் பலவற்றின் தொகுதி. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு எனப் பதினான்கு நாடுகளாகக் கொல்லிமலையைப் பிரிப்பர். அவற்றுள் ஒன்று பைல் நாடு. அந்நாட்டில் பிறந்த ஒருவருக்குப் பிறந்த ஊர் என்று ஓர் ஏடு சிற்றூரின் பெயரை எழுதும். மற்றொன்று பைல் நாடு என்னும். சமவெளியில் அமர்ந்து எழுதிய குமாஸ்தாவோ ‘கொல்லிமலை’ என்று முடித்துவிடுவார். தமிழின் பகரம் ஆங்கில ஏட்டில் ஈரெழுத்துகளாகப் பிரிவதால், அகரவரிசையில் அந்நாட்டின் பெயர் இரு வேறு இடங்களில் கிடக்கும். இவை மூன்று ஊர்கள் அல்ல. ஒன்றனுள் ஒன்று அடங்கியவை. பொதுச்சொல்லும் சிறப்புச்சொல்லும் சந்திக்கும்போது முரண் இல்லை என்று உஸூலுல் ஃபிக்ஹில் ‘ஆம்’, ‘காஸ்’ பற்றி நாம் ஓதியது இங்கே அப்படியே செல்லும்.

மாவட்டத்தின் செய்தி இன்னும் சுவையானது. பழைய நிர்வாகத்தில் கொல்லிமலையின் ஒரு பகுதி நாமக்கல் தாலுகாவிலும் மறு பகுதி ஆத்தூர் தாலுகாவிலும் இருந்தது. இரண்டும் சேலம் மாவட்டத்தைச் சார்ந்தவை. 1910இல் நாமக்கல் தாலுகா திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1929இல் சேலத்துக்கே திரும்பியது. 1997 ஜனவரி முதல் நாமக்கல் தனி மாவட்டம். ஆக, நாமக்கல் தாலுகாவுக்கு உட்பட்ட மலைப்பகுதியில் ஓர் அடிகூட நகராமல் வாழ்ந்த குடும்பம், 1901இன் ஏட்டில் சேலத்தது, 1911, 1921 ஆகியவற்றில் திருச்சியது, 1931இல் மீண்டும் சேலத்தது, 2001இல் நாமக்கல்லது. ஏடுகளை மட்டும் அடுக்கிப் பார்ப்பவர், இக்குடும்பம் மும்முறை குடிபெயர்ந்தது என்று ஒரு வரலாற்றையே புனைந்துவிடுவார். ஆத்தூர்ப் பகுதியில் இருந்த குடும்பத்துக்கு இந்தத் திருச்சி இடைவேளை இல்லை. எனவே, தாம் தேடும் சிற்றூர் அக்காலத்தில் எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதைத் தீர்த்துக்கொண்ட பின்னரே ஒருவர் ஆவணக் காப்பகத்தின் வாயிலை மிதிக்க வேண்டும். மாவட்டம் மாறியது குடும்பத்தின் செயலன்று, அரசாணையின் செயல். பிந்தைய ஆணை முந்தையதை நீக்குவதை நஸ்க் என்போம். இரண்டும் அதனதன் காலத்தில் உண்மையே. காலத்தை அறியாதவனுக்குத்தான் அவை முரண்.

மலைக்கு மிளகு வாங்க ஏறிய ஓர் அடிவாரத்து வணிகரையும் எண்ணிக்கொள்வோம். 1881 முதல் 1931 வரையிலான குடிக்கணக்குகள் ஒரே இரவில் எடுக்கப்பட்டன. அவ்விரவில் ஒருவர் எங்கே தங்கினாரோ அங்கேயே எண்ணப்பட்டார். 1921இல் அவ்விரவு மார்ச் 18. இரவு நடை இயலாத காட்டுப் பகுதிகளில் பகலில் எண்ணும் விலக்கும் உண்டு. நம் வணிகர் அன்று மலையில் தங்கியிருந்தால், மலையின் தொகையில் ஒரு முஸ்லிம் ஆடவர் கூடுவார். அவர் மனைவி மக்கள் அடிவாரத்துத் தொகையில் நிற்பர். பிற்காலத்தில் ஒருவர் அட்டவணையைப் பார்த்து மலைமேல் முஸ்லிம் குடி இருந்தது என எழுதலாம். அதனை மறுக்கும் மற்றொருவர், எங்கள் குடும்பம் மலையில் வாழ்ந்ததே இல்லை என்று சொல்லலாம். இருவரும் சண்டையிட வேண்டியதில்லை. அந்தக் கணக்கு ‘யார் எங்கே வாழ்கிறார்’ என்று கேட்கவில்லை. ‘யார் எங்கே உறங்கினார்’ என்றே கேட்டது.

இனப்பெயர் தரும் முரண் இதனினும் கடினம். கொல்லிமலைக் குடிகள் தம்மை மலையாளி என்பர். தமிழ் பேசுவோர், காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழியினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. மேற்குக் கரையில் மலையாள மொழி பேசுவோருக்கும் அதே பெயர். எழுத்திலும் ஒலிப்பிலும் ஒன்றாயிருந்து ஆளால் வேறுபடும் பெயர்களை ‘முத்தஃபிக், முஃப்தரிக்’ என்று வகைப்படுத்தி, கத்தீபுல் பக்தாதி (ரஹ்) (இறப்பு ஹி. 463 / கி.பி. 1071) தனி நூலே இயற்றினார். சேலம் மாவட்டத்து ஏட்டில் ‘மலையாளி’ என்று காண்பவர் அந்நூலின் மாணவராக இருந்தால், மொழி எது என்ற பத்தியையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லமாட்டார். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி எனும் மாவட்டப் பெயர்களோடு கட்டப்பட்டுள்ளது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே பெயரினர் அப்பட்டியலுக்கு வெளியே நின்று நெடுங்காலம் கோரிக்கை விடுத்து வந்துள்ளனர். ஆக, இரு உறவினரின் சாதிச் சான்றுகள் வேறுபட்டால், ஒருவர் பொய்யர் என்று பொருளன்று. இருவருக்கும் இடையே ஒரு மாவட்டக் கோடு ஓடுகிறது.

நம் சமூகத்தின் கதை வேறா? ராவுத்தர் குடும்பம் ஓர் ஏட்டில் லெப்பை என்றும், அடுத்ததில் ஷேக் என்றும், மற்றொன்றில் வெறும் முகமதியர் என்றும் வந்திருப்பதைப் பழைய பத்திரம் வைத்திருப்போர் அறிவர். எழுதியவர் பலவேளை பிற சமயத்தவர். வீட்டில் பதில் சொன்னவர் ஒருவேளை அண்டை வீட்டார். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல், ராவுத்தரையும் மரைக்காயரையும் உள்ளடக்கிய லெப்பை என்று ஒரே பதிவாகக் குறிக்கிறது. ஷேக் தனிப் பதிவு. தந்தைக்கு ஒன்றும் மகனுக்கு மற்றொன்றுமாகச் சான்று அமைந்துவிட்டால் அலுவலகத்தின் வாயிலில் நிற்க வேண்டியவர் மகனே. 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட குடிக்கணக்கில் சாதியும் கேட்கப்படும் என 2025இல் அரசு அறிவித்துள்ளது. ஒரே வீட்டார் ஒரே பதிலைச் சொல்ல இப்போதே பேசி வைத்துக்கொள்வது நன்று.

தேதிகளுக்கு வருவோம். மீசான் கல்லில் வயது 66 என்றும் நகராட்சியின் இறப்பு ஏட்டில் 64 என்றும் இருந்தால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாள். 64 கதிராண்டு ஏறத்தாழ 66 பிறையாண்டாகும். கல்லில் வெள்ளி என்றும் ஏட்டில் வியாழன் என்றும் இருந்தால், மரணம் வியாழன் மஃரிபுக்குப் பின் நேர்ந்ததா என விசாரிக்க வேண்டும். நமக்கு அது வெள்ளி இரவு. ஏட்டுக்கு நள்ளிரவு வரை வியாழன். நிலப் பத்திரத்தில் பசலி 1340 என்றிருந்தால் 590ஐக் கூட்டினால் 1930 வரும். ஆயின் பசலி ஜூலை முதல் நாளில் தொடங்குவதால், அது 1930 ஜூலை முதல் 1931 ஜூன் முடியவுள்ள காலம். ஜனவரிப் பத்திரத்தை 1930இல் வைத்துவிட்டால் ஓராண்டு பிசகும். இவையெல்லாம் ‘ஜம்உ’ எனும் இணக்கத்துக்கு உரியவை. இரண்டையும் ஒருசேர ஏற்க வழியிருக்கும்போது ஒன்றைத் தள்ளுவது கூடாது என்பது முஹத்திஸ்களின் முதல் விதி. அது இயலாது, காலம் தெரிந்தால் பிந்தியது முந்தியதை நீக்கும். அதுவும் இல்லையேல் வலிமை பார்த்து ஒன்றைத் தேர்வது தர்ஜீஹ். அதற்கும் வழியில்லையேல் தீர்ப்பை நிறுத்தி வைக்கும் தவக்குஃப். இப்னு ஹஜர் (ரஹ்) நுக்பத்துல் ஃபிகரில் வைத்த இவ்வரிசையை நாம் மாணவருக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். பிறப்புச் சான்றோடு அதனைப் பொருத்திப் பார்க்கச் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர் என்பது வேறு.

தர்ஜீஹில்தான் பெரும்பிழைகள் நிகழ்கின்றன. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு மூன்றிலும் பிறந்த நாள் ஜூன் 1. தாயாரின் குர்ஆன் பிரதியின் உள்ளட்டையில் மட்டும் ஷஃபான் மாதத்து நாள் ஒன்று எழுதப்பட்டுள்ளது. மூன்றுக்கு ஒன்று என்று எண்ணித் தாயாரின் கையெழுத்தைத் தள்ளிவிடுகின்றனர். அம்மூன்றும் எங்கிருந்து வந்தன? பள்ளி மாற்றுச் சான்றிதழிலிருந்து. அச்சான்றிதழ்? பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் அன்று போட்ட தேதியிலிருந்து. மூன்று ஆவணங்கள், சாட்சி ஒருவர், அவரும் பிறப்பைக் கண்டவரல்லர். அஃமஷின் மாணவர் மூவரைப் பற்றி இப்னு ஹஜர் (ரஹ்) எழுப்பிய வினா இதுவே. மறுபுறம், தாயாரின் எழுத்து அன்றே எழுதப்பட்டதா, பிள்ளைகள் வளர்ந்தபின் ஒரே மையில் ஐவருக்கும் சேர்த்து எழுதப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். பாசம் சாட்சியமாகாது.

அவ்வறிவிப்பிலேயே மற்றொரு பாடமும் உண்டு. இமாம் புகாரி (ரஹ்), 1500 என அறிவித்த ஸுஃப்யானுஸ் ஸவ்ரியை (ரஹ்) முற்படுத்தினார். பொதுவில் அவரே நினைவாற்றலில் மிக்கவர். இமாம் முஸ்லிம் (ரஹ்), 600 முதல் 700 என அறிவித்த அபூமுஆவியாவைக் (ரஹ்) கொண்டார். அஃமஷின் செய்திகளில் குறிப்பாக அவர் தேர்ந்தவர். பொது வலிமை வேறு, குறித்த பொருளில் வலிமை வேறு. நிகாஹ் தஃப்தர் மணநாளுக்கும் மஹருக்கும் வலிய சாட்சி. வலியும் சாட்சிகளும் முன்னிருக்க அன்றே எழுதப்படுவது. மணமகளின் வயதுக்கு அது மெலிந்த சாட்சி. பள்ளி ஏடு சேர்ந்த நாளுக்கு வலியது, பிறந்த நாளுக்கு மெலிந்தது. பழைய குடிக்கணக்கின் வயதுத் தொகைகள் 30, 35, 40 எனப் பூஜ்யத்திலும் ஐந்திலும் குவிந்து கிடப்பதைப் புள்ளியியலார் காட்டியுள்ளனர். ஆகவே எந்த ஏட்டிலும் ‘வயது 40’ என்று கண்டால் நாற்பதின் அக்கம்பக்கம் என்று மட்டும் கொள்க.

பெயர்களின் சிக்கலை நீட்டத் தேவையில்லை. நம் வீடுகளே சான்று. பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அப்துல் காதிர் மகன் மீரான், மீரான் மகன் அப்துல் காதிர் என்று நான்கு தலைமுறை சென்றால், தந்தை பெயரையும் சேர்த்துப் பார்த்தாலும் இருவர் ஒருவராகிவிடுவர். முஹத்திஸ்கள் தந்தை, பாட்டன், ஊர், தொழில், ஆசிரியர், இறந்த ஆண்டு என்று ஆறேழு அடையாளங்களைக் கட்டியே ஓர் அறிவிப்பாளரைப் பிரித்தனர். முகமது, முஹம்மது, மகமது எனும் எழுத்து வேறுபாடுகளை ஒருவரே எனக் கொள்ள நாம் தயங்குவதில்லை. அடையாளம் ஒன்றாயிருப்பதை இருவர் எனக் கொள்ளத்தான் துணிவு வேண்டும்.

பதிவைத் திருத்த எண்ணுவோருக்கு ஒரு சொல். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பிழையான பதிவை அழித்தெழுத விடுவதில்லை. மூலத்தை அப்படியே விட்டு, ஓரத்தில் திருத்தத்தைப் பதிந்து கையொப்பமிடச் சொல்கிறது. ஹதீஸ் பிரதிகளில் பாட வேறுபாட்டை ஓரத்தில் எழுதிய கைகளுக்கு இது புதிதன்று. குடும்ப மரம் எழுதுவோரும் தமக்குப் பிடித்த தேதியை மட்டும் எழுதிப் பிறவற்றை மறைக்காமல், எல்லாவற்றையும் ஊற்றோடு எழுதி வைப்பாராக.

தவக்குஃபின் அருமை ஃபராயிளில் விளங்கும். தந்தையும் மூத்த மகனும் சில நாள் இடைவெளியில் இறந்தனர். இளைய மகன் உயிரோடு உள்ளார். மூத்தவருக்குப் பிள்ளைகள் உண்டு. தந்தை முந்தினார் எனில் மூத்த மகனுக்குப் பங்கு சேர்ந்து, அவர் வழியாக அவர் பிள்ளைகளுக்கு இறங்கும். மகன் முந்தினார் எனில் சிற்றப்பன் இருக்க அப்பிள்ளைகளுக்குப் பாட்டனாரின் சொத்தில் வாரிசுரிமை இல்லை. முந்தியவர் யார் என்பது தெரியவே வழியில்லை எனில், நீரில் மூழ்கியோர், இடிபாட்டில் சிக்கியோர் பற்றிய சட்டமே இங்கும் செல்லும்: ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இறந்தவர் ஒருவருக்கொருவர் வாரிசாவதில்லை, ஒவ்வொருவர் சொத்தும் அவரவர்க்கு உயிரோடுள்ள வாரிசுகளுக்குச் செல்லும். அந்நிலையிலும் பேரப்பிள்ளைகள் வெறுங்கையரே. இறப்பு ஏட்டில் இறந்த நாளுக்கு ஒரு பத்தியும், பதிந்த நாளுக்கு ஒரு பத்தியும் உண்டு. நகல் எடுத்தவர் ஒருவருக்கு முதற்பத்தியையும் மற்றவருக்கு இரண்டாம் பத்தியையும் எழுதியிருந்தால் வரிசை தலைகீழாகும். ஆதலால், தவக்குஃப் எனச் சொல்லி அந்த யத்தீம்களைத் திருப்பியனுப்பும் முன், நகலை வைத்துவிட்டு மூல ஏட்டின் இரு பத்திகளையும் காழி தம் கண்ணால் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.